ஈயநரம்பு போடும் ஆழக் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், செபாகோ என்றொரு ஏரி இருக்கிறது. அதன் நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 81 மீட்டர் உயரத்தில். மிக ஆழமான இடத்தில் தண்ணீரின் ஆழமோ 96 மீட்டர். கழித்துப் பார்த்தால் ஏரியின் அடி கடல்மட்டத்துக்கும் கீழே 15 மீட்டர் போய்விடுகிறது. பனியுகத்தில் பனியாறு தோண்டிவிட்டுப் போன பள்ளம் அது. பக்கத்தில் இருக்கும் போர்ட்லாண்ட் நகரம் இந்தத் தண்ணீரைக் கிருமிநீக்கம் மட்டும் செய்து, வடிகட்டாமலேயே குடிக்கிறது. அவ்வளவு தெளிவு.

இந்த ஏரியில் கடலுக்கே போகாத சால்மன் வாழ்கிறது. இனம் அட்லாண்டிக் சால்மன்தான். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அதே மீன், இங்கே ஏரியையே கடலாக வைத்துக்கொண்டுவிட்டது. க்ரூக்கட் என்ற சிற்றாற்றில் பிறந்து, ஏரிக்கு இறங்கி, கொழுத்து, மறுபடி ஆறேறுகிறது. மெய்னில் ஆதியிலிருந்தே இந்த வகை இருந்தது நான்கே ஆற்றுப் படுகைகளில். செபாகோ அதில் ஒன்று. மற்ற ஏரிகளுக்கெல்லாம் மனிதர் கொண்டுபோய் விட்டது. 1969-இல் இதை மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். 1907 ஆகஸ்ட் 1 அன்று எட்வர்ட் பிளேக்லி என்பவர் செபாகோவில் பிடித்த 10.2 கிலோ மீன்தான் இன்றுவரை மாநிலச் சாதனை. இப்போதெல்லாம் இரண்டு கிலோ தேறினாலே நல்ல மீன்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஆகஸ்ட் என்பது அந்த ஊரில் கோடையின் உச்சம். சால்மன் ஆழத்துக்குப் போய்விடும் மாதம். ஆழத்தில் இரையை நிறுத்தும் கருவி அன்றைக்குக் கடையில் கிடையாது. அது பரவலாக வர இன்னும் அறுபது ஆண்டு இருந்தது.

அந்தக் கருவிக்கு டௌன்ரிக்கர் என்று பெயர். படகின் விளிம்பில் ஒரு சிறிய விஞ்சு, அதில் எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் கவ்விவிட்டுக் குண்டை இறக்குவார்கள். எத்தனை மீட்டர் கம்பி இறங்கியது என்று ஒரு எண்காட்டி சொல்லும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும்; அதற்குப் பிறகு மீனும் மனிதரும் நேருக்கு நேர். ஆழத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. விஞ்சு, குண்டு, அதைத் தாங்கும் படகு எல்லாம் சேர்ந்தால் செலவும் கணிசம்.

இது இல்லாதவர் என்ன செய்வார்? கேள்வி எளியதாகத் தெரிகிறது. பதிலுக்குள் ஏரியின் இயற்பியலும் மீனின் உடலியலும் ஒரு நரம்பு தண்ணீரில் எப்படிச் சாய்கிறது என்ற கணக்கும் சேர்ந்தே வருகின்றன. எனக்கு அதில் கருவியைவிடக் கருவியில்லாத கதைதான் சுவாரசியம்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுவோம். ட்ரோலிங் என்பது நம் விசைப்படகுகள் போடும் இழுவைமடி அல்ல, வலையே கிடையாது. படகை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு, நரம்பில் கட்டிய போலி இரையைப் பின்னால் இழுத்துப் போவது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றுவட்டம். மெய்னின் கிராண்ட் லேக் ஸ்ட்ரீம் ஊரில் இதற்கென்றே ஒரு வகைக் கனூ கட்டுகிறார்கள்: சிடார் மரப் பலகை, அதன் மேல் முன்பெல்லாம் கான்வாஸ், பின்பக்கம் மட்டும் சின்ன மோட்டார் மாட்டத் தோதாகத் தட்டையாக வெட்டியிருக்கும். அதில் ஐந்து கிலோ ஈயக்குண்டைத் தொங்கவிடும் விஞ்சு பொருத்தினால் பார்க்கவே சகிக்காது.

வசந்தத்தில் இந்த ஆழச் சிக்கலே இல்லை. காரணம், தண்ணீரின் ஒரு பிடிவாதம். குளிரக் குளிரப் பொருள்களின் அடர்த்தி கூடும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிறது. அதனால் குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் ஏரி தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கும்: மேலே பூஜ்ஜியத்தை ஒட்டிய தண்ணீர், கீழே 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர். பனிக்கட்டி உருகியதும் மேல்நீர் மெல்லச் சூடேறி 4 டிகிரியை எட்டுகிறது, கனக்கிறது, இறங்குகிறது. காற்றும் கலக்குகிறது. சில நாட்களுக்கு ஏரி முழுவதும், மேலிருந்து அடிவரை, ஏறக்குறைய ஒரே வெப்பநிலை.

அப்புறம் வெயில் வேலையைத் தொடங்குகிறது. மேலேயுள்ள சில மீட்டர் தண்ணீர் 6, 7, 8 டிகிரி என்று ஏறும். ஏரிச் சால்மனுக்குப் பிடித்தது ஏறத்தாழ 10 முதல் 14 டிகிரி. மீனின் உடல்சூடு சுற்றியுள்ள தண்ணீரின் சூடுதான். செரிமானம், நீந்தும் வேகம், பசி எல்லாமே அதைப் பொறுத்தவை. ஏரி முழுக்கக் குளிராக இருக்கும்போது கொஞ்சமாவது கதகதப்பான இடம் மேற்பரப்புதான். ஆகவே 96 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் சால்மன் மேல் நான்கைந்து மீட்டருக்குள் வந்து உலவுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது தின்னக்கூடியது. ஸ்மெல்ட் என்ற விரல் நீள வெள்ளி மீன்தான் இந்தச் சால்மனின் முக்கிய உணவு. புதிதாகப் பிடித்த ஸ்மெல்ட்டை முகர்ந்தால் வெள்ளரிக்காய் வாசனை வரும். மிகையில்லை, அசல் வெள்ளரிக்காய். பனிக்கட்டி விலகியதும் அது இரவுகளில் ஓடைகளில் ஏறி முட்டையிடுகிறது. ஓடைவாயில் சால்மன் காத்திருக்கிறது. இந்த நாட்களில் ஈயமே வேண்டாம். சாதாரண நரம்பு, நுனியில் ஸ்மெல்ட் போலத் தோன்றும் ஒரு இறகு இரை, போதும்.

அந்த இறகு இரைக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். அதில் புகழ்பெற்றது கிரே கோஸ்ட். மெய்னின் ரேஞ்ச்லி ஏரிப் பகுதியில், அப்பர் டாம் என்ற அணைக்கட்டோரத்தில் குடியிருந்த கேரி ஸ்டீவன்ஸ், பெண்களுக்கான தொப்பிகள் செய்த அனுபவம் உள்ளவர். இறகு, நூல், பட்டு, ஜரிகை எல்லாம் கைப்பழக்கம். 1924 ஜூலை 1 அன்று, ஸ்மெல்ட்டை மனதில் வைத்து ஒரு இரையைக் கட்டி, வீட்டு வேலையைப் பாதியில் விட்டு அணைக்குளத்துக்குப் போனார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓடை ட்ரௌட் சிக்கியது. ஒரு பத்திரிகைப் போட்டியில் அது இரண்டாம் பரிசு பெற, தபாலில் ஆர்டர் குவிந்தது. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததே கிரே கோஸ்ட். இறகு கட்டுவோர் முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சிறிய பிடிப்பான் வைத்திருப்பார்கள். அவர் அதுகூட இல்லாமல், முள்ளை விரல்களுக்கிடையில் பிடித்தே கட்டினார்.

கிரே கோஸ்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்: நீண்ட முள்தண்டின் மேல் ஆரஞ்சுப் பட்டு, அதைச் சுற்றி வெள்ளி ஜரிகை, வயிற்றுப் பக்கம் வெள்ளை மான்வால் மயிர், முதுகில் மயிலிறகின் சில இழைகள், இருபுறமும் சாம்பல் நிறச் சேவல் இறகுகள். கன்னத்தில் ஒரு சின்ன இறகு, மெழுகு தடவியதுபோல் பளபளக்கும் வெண்பொட்டுடன். மீனுக்குக் கண் வைத்தாற்போல. இந்தக் கன்ன இறகு மெய்னுடையது அல்ல. இந்தியத் தீபகற்பத்தில், குறிப்பாக நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவல் கழுத்தில் வளர்வது. சால்மன் இரை கட்டுவதற்காகவே ஒரு காலத்தில் இந்தக் கழுத்துத் தோல்கள் கட்டுக்கட்டாகக் கப்பலேறின. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இங்கே அந்தப் பறவையை வேட்டையாட முடியாது. வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்து எடுக்கிறார்கள். முதுமலையில் விடியற்காலையில் கூவும் ஒரு பறவையின் இறகைச் செபாகோவில் ஒரு சால்மன் கண் என்று நம்பிக் கடிக்கிறது.

வசந்தத்தில் இந்த இரையைப் படகுக்கு மிக அருகிலேயே, எட்டுப் பத்து மீட்டர் பின்னால், மோட்டார் கிளப்பும் நுரைக்குள்ளேயே இழுப்பவர்கள் உண்டு. சத்தத்துக்கு மீன் ஓடாதா என்று கேட்கத் தோன்றும். நுரை மேற்பரப்பைக் கலக்கி, இரையை அரைகுறையாக மறைக்கிறது. கண்ணாடித் தண்ணீரில் சந்தேகப்படும் மீன் அங்கே யோசிக்க நேரமில்லாமல் பாய்கிறது. கோல் பிடித்திருப்பவர் அவ்வப்போது கோலை முன்னால் வெட்டி இழுத்துவிட்டு விடுவார். இரை துள்ளும், பின் தளரும். அந்தத் தளர்ச்சியில்தான் பெரும்பாலும் கடி விழும்.

ஜூன் பிறந்ததும் கதை மாறுகிறது. மேல்நீர் 15 டிகிரியைத் தாண்டி 20, 22 என்று ஏறும். இப்போது அது கீழேயுள்ள குளிர்நீரோடு கலக்காது. 4 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் போகும்போது ஒரு கனமீட்டர் தண்ணீர் கால் கிலோ அளவுக்குத்தான் இலேசாகிறது. அதையே 20-லிருந்து 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் இலேசாகிறது. சூடு கூடக் கூட அடர்த்தி வித்தியாசம் வேகமாகப் பெருகுவதால், வசந்தத்தில் ஏரி முழுவதையும் கலக்கிய அதே காற்று கோடையில் மேலடுக்கை மட்டும் புரட்டிப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே சூடான அடுக்கு, அடியில் குளிர்ந்த அடுக்கு, நடுவே சில மீட்டரில் சரசரவென்று வெப்பம் விழும் ஓர் இடைப்பட்டை. குளிக்க இறங்கியவர் காலை நீட்டினால் பாதம் சட்டென்று சில்லிடுமே, அதற்கும் கீழே இன்னும் கூர்மையாக நடப்பது அது.

சால்மனுக்கு வேண்டிய 10 முதல் 14 டிகிரி இப்போது அந்தப் பட்டைக்குள் அடங்கிவிட்டது. ஏரிக்கு ஏரி, வாரத்துக்கு வாரம் மாறும் என்றாலும், ஆகஸ்டில் பத்து மீட்டருக்கும் இருபது மீட்டருக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்நீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதிகம்: 5 டிகிரியில் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல், 25 டிகிரியில் சுமார் 8. ஸ்மெல்ட்டும் குளிரைத் தேடிக் கீழே போய்விடுகிறது. பரந்த ஏரியில் மீனின் இருப்பிடம் சில மீட்டர் தடிமனுள்ள ஒரு தட்டையான தளமாகச் சுருங்கிவிட்டது. தேடும் பரப்பு குறைந்தது நல்லதுதான். இரையை அங்கே கொண்டுபோய் நடத்துவதுதான் வேலை.

சரி, நரம்பின் நுனியில் ஒரு ஈயக்கட்டியைக் கட்டிவிட்டால் போகாதா? போகும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குப் போகாது. நிற்கும் படகில் நரம்பு நேர்க்குத்தாக இறங்கும். படகு நகர்ந்தால் தண்ணீர் நரம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஈயம் ஒரே இடத்தில் இருக்கிறது. தண்ணீரின் தள்ளல் நரம்பின் நீளம் முழுவதிலும் இருக்கிறது. ஈயத்துக்கு அருகே நரம்பு செங்குத்தாகக் கிளம்பி, மேலே வர வர வளைந்து, படகுக்கு அருகில் கிட்டத்தட்டப் படுத்தே விடும். 60 கிராம் ஈயம், 0.35 மில்லிமீட்டர் நரம்பு, கரண்டிபோல் வளைந்த ஒரு சின்னத் தகட்டு இரை, மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதல் 30 மீட்டர் நரம்பு ஏழெட்டு மீட்டர் ஆழம் தரும். அடுத்த 30 மீட்டர் நரம்பை விட்டால் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மீட்டர்தான். நரம்பை அவிழ்த்து அவிழ்த்து விட்டாலும் ஆழம் வர மறுக்கும். நுனியில் எடை வைத்தவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இதற்கு ஏரிக்காரர்கள் கண்ட பதில், எடையை நுனியிலிருந்து எடுத்து நரம்பு முழுவதிலும் பரப்பிவிடுவது. மெல்லிய ஈயக்கம்பியை நடுவில் வைத்து, மேலே நைலான் இழையைப் பின்னிய நூல்: ஆங்கிலத்தில் லெட் கோர். ஈயநரம்பு என்று சொல்லிக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு மீட்டர் நரம்பும் தன்னைத் தானே கீழே இழுக்கிறது. ஒவ்வொரு மீட்டரையும் தண்ணீர் பின்னால் தள்ளுகிறது. இரண்டும் ஒவ்வொரு மீட்டரிலும் அங்கங்கேயே சமன்படுகின்றன. அதனால் நரம்பு வளையாமல் ஒரே சாய்வில் நேராக இறங்குகிறது. நீளத்தை இரட்டித்தால் ஆழமும் இரட்டிக்கும். சுவர் காணாமல் போய்விட்டது.

இந்த நேர்விகிதம்தான் ஈயநரம்பை அளவுகோலாகவும் ஆக்குகிறது. அதன் பின்னலில் பத்து கெஜத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் 9 மீட்டருக்கு ஒருமுறை, நிறம் மாறும். ரீலிலிருந்து நரம்பு ஓடும்போது சிவப்பு முடிந்து மஞ்சள், மஞ்சள் முடிந்து பச்சை என்று கோல்நுனியைக் கடந்து போவதை எண்ணினால் போதும். மணிக்கு மூன்று கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஒன்றரை மீட்டர் என்பது அங்கே வாய்ப்பாடு. ஐந்து நிறம் விட்டால் ஏழெட்டு மீட்டர். பத்து நிறமும் விட்டால் பதினைந்து. "எத்தனை நிறத்தில் விழுந்தது?" என்றுதான் ஒரு படகு இன்னொரு படகைக் கேட்கும், மீட்டர் கணக்கு யாருக்கும் வேண்டாம். நரம்பின் நுனியில் ஆறேழு மீட்டர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பை முடிந்து அதில் இரையைக் கட்டுவார்கள், தடித்த வண்ண நூல் மீனின் கண்ணில் படாமலிருக்க. விடும்போது ரீலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திக்கொண்டே விட வேண்டும். தளர விட்டால் ஈயநரம்பு ரீலில் சிக்குப் போடும், அந்தச் சிக்கை எடுப்பதற்குள் காலைப்பொழுது போய்விடும்.

வேகம் மாறினால் வாய்ப்பாடு தவறும். அதிலும் ஓர் அழகான எளிமை இருக்கிறது. தண்ணீரின் தள்ளல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சாய்ந்து போகும் நரம்பின் மேல் அது சாய்வின் வர்க்கத்தையும் பொறுத்தது. இரண்டு வர்க்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கடைசியில் ஆழம் வேகத்துக்கு நேரெதிர் விகிதத்தில் வந்து நிற்கிறது. வேகத்தை இரட்டித்தால் ஆழம் பாதி. பாதியாக்கினால் ஆழம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே ஆழத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இவர்களிடம் இல்லை என்பதே சரியல்ல. மோட்டாரின் கைப்பிடி இருக்கிறது.

கைப்பிடியைத் தொடாமலே ஆழத்தை மாற்றும் வழியும் உண்டு: படகைத் திருப்புவது. படகு இடப்பக்கம் வளைந்தால், இடப்பக்கக் கோலின் நரம்பு உள்வட்டத்தில் போகிறது; அதன் வேகம் குறைகிறது, இரை இறங்குகிறது. வலப்பக்க நரம்பு வெளிவட்டத்தில் வேகம் பிடித்து ஏறுகிறது. ஒரே திருப்பத்தில் இரண்டு சோதனை. உட்பக்கக் கோலில் கடி விழுந்தால் மீன் இன்னும் கீழே இருக்கிறது அல்லது இன்னும் மெதுவாக வேண்டும் என்கிறது. வெளிப்பக்கத்தில் விழுந்தால் நேர்மாறு. அனுபவசாலிகள் நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல வளைந்து வளைந்து போவது இதற்காகத்தான். அந்த நெளிவு மீனிடம் கேட்கும் கேள்வி.

ஈயத்தைத் தொடாமல் ஆழம் போக இன்னொரு தந்திரமும் இருக்கிறது. தண்ணீரையே கீழே தள்ள வைப்பது. டைவர் என்று விற்கும் பிளாஸ்டிக் தட்டு, வட்டமாக ஒரு கையகலம் இருக்கும். நரம்பில் கோணலாகக் கட்டப்பட்டிருப்பதால், இழுக்க இழுக்க மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கும். தலைகீழாகப் பறக்கும் பட்டம் என்று நினைத்துக்கொள்ளலாம். மீன் கடித்ததும் ஒரு சின்னக் கொக்கி விடுபட்டுத் தட்டு கிடையாகப் படுத்துவிடும். இல்லாவிட்டால் மீனோடு சேர்த்துத் தட்டையும் மல்லுக்கட்டி இழுக்க வேண்டியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டைவரின் ஆழத்தை வேகம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதைக் கீழே அழுத்தும் விசையும் வேகத்தின் வர்க்கம். பின்னால் இழுக்கும் விசையும் வேகத்தின் வர்க்கம். நரம்பின் மேல் தள்ளலும் அப்படியே. எல்லாம் ஒரே மடங்கில் கூடுவதால் அவற்றின் விகிதம் மாறாது, விகிதம் மாறாவிட்டால் நரம்பு போகும் பாதையும் மாறாது. ஈயநரம்பில் ஈர்ப்புவிசை ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். வேகம் கூடினால் தண்ணீர் ஜெயிக்கிறது. டைவரில் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். ஒரே படகில் ஒரு கோலில் ஈயநரம்பும் மறு கோலில் டைவரும் போட்டு வேகத்தைக் கூட்டினால், ஒன்று மேலே வரும், மற்றது இருந்த இடத்தில் இருக்கும். தாடையில் நாக்குப்போலத் தகடு வைத்த மீன்வடிவ இரைகளும் ஏறக்குறைய இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. அவற்றின் ஆழத்தைத் தீர்மானிப்பது நரம்பின் நீளமும் தடிமனும். மெல்லிய நரம்பு போட்டால் கூடுதலாக இறங்கும்.

இப்படியெல்லாம் கணக்குப் போட்டாலும் ஒன்றிரண்டு மீட்டர் பிசகத்தான் செய்யும். பிசகினால் மேல்பக்கமாகப் பிசகுவது நல்லது. சால்மன் தனக்கு மேலே, வானத்து வெளிச்சத்தின் பின்னணியில் நிழலாகத் தெரியும் இரையைப் பார்த்து ஏறிவந்து அடிக்கும். தன் வயிற்றுக்குக் கீழே போவதைக் கண்டுகொள்வது குறைவு. அதனால் பன்னிரண்டு மீட்டரில் மீன் என்றால் பத்து மீட்டரில் இரை போவது தோல்வியல்ல.

மீன் எந்த ஆழத்தில் என்பதை எப்படி அறிவது? எதிரொலிக் கருவி வைத்திருப்பவர்கள் திரையைப் பார்க்கிறார்கள். இல்லாதவர்களுக்கு வெப்பமானியும் கயிறும் போதும், ஒரு சிறு தந்திரத்தோடு. வெறும் வெப்பமானியை 12 மீட்டர் இறக்கித் தூக்கினால், மேலே வரும் வழியில் சூடான தண்ணீர் அதை மாற்றிவிடும். கல் கட்டிய ஒரு பாட்டிலுக்குள் வெப்பமானியை வைத்து, சுண்டினால் கழலும்படி மூடி போட்டு இறக்கி, கீழே போனதும் திறந்து அந்த ஆழத்துத் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு வேகமாகத் தூக்கினால், பாட்டில் தண்ணீரின் சூடு படகுக்கு வரும்வரை பெரிதாக மாறாது. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. பத்து நிமிட வேலை.

ஆனால் நேற்று அளந்த ஆழம் இன்று பொய்யாகலாம். கோடையில் ஓரிரு நாள் விடாமல் ஒரே திசையில் பலத்த காற்று அடித்தால், சூடான மேலடுக்கு எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கிக் குவியும். குவிந்த இடத்தில் அது தடித்துக் குளிர்நீரைக் கீழே அழுத்தும். காற்று கிளம்பிய கரையோரத்தில் மேலடுக்கு மெலிந்து, அடியிலிருந்த குளிர்நீர் மேலேறி வரும். ஏரிக்குள்ளே அந்த இடைப்பட்டை முழுதாகச் சாய்ந்துவிட்டது. மேற்பரப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று நின்றதும் பட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல ஊசலாடத் தொடங்கும். ஒரு ஊசலுக்குப் பல மணி நேரம், பெரிய ஏரிகளில் நாட்கணக்கில்கூட. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வெப்பநிலையை அளந்தவர்கள் இந்த உள்ளலையைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஏரியில் தேடுவதற்கு இதைவிடப் பிரபலமான ஒன்று இருப்பதால் செய்தி அதிகம் பரவவில்லை.

கருவியில்லாத ட்ரோலிங்காரருக்கு இது ஏரியே செய்துதரும் உபகாரம். காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், காற்று வந்த பக்கத்துக் கரைக்குப் போனால், பதினைந்து மீட்டரில் இருந்த குளிர்நீர் ஆறேழு மீட்டருக்கு வந்திருக்கலாம். பத்து நிறம் விட வேண்டிய இடத்தில் நான்கைந்து நிறம் போதும். ஆனால் வழக்கமான இடத்துக்கே போய் வழக்கமான ஆழத்தில் இழுத்துவிட்டு, மீனே இல்லை என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

டௌன்ரிக்கர் பரவிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கப் பேரேரிகளில் அலைவைஃப் என்ற கடல்மீன் கால்வாய் வழியாக வந்து பெருகியது. அதைத் தின்னக்கூடிய ஏரி ட்ரௌட்டை இன்னொரு வந்தேறியான லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் உறிஞ்சி ஒழித்திருந்தது. 1967 கோடையில் செத்த அலைவைஃப் மிச்சிகன் ஏரிக் கரைகளில் மலைமலையாக ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தைய ஆண்டே மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்ட் டேனர், பசிபிக் கரையிலிருந்து கோஹோ சால்மனைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அது அலைவைஃப்பைத் தின்று கொழுத்தது. ஊரே படகை எடுத்துக்கொண்டு கிளம்பியது. 281 மீட்டர் ஆழமுள்ள ஏரியில், கரை தெரியாத தூரத்தில், மூன்று நான்கு கோல் போட்டு வெவ்வேறு ஆழத்தில் இழுக்க வேண்டியிருந்தபோது விஞ்சும் குண்டும் தேவைப்பட்டன. அங்கே அது நியாயமான கருவி. முப்பது மீட்டருக்குக் கீழே போக வேண்டுமென்றால் ஈயநரம்பை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருபது நிறம் விட்டு, 180 மீட்டர் பின்னால் கடித்த மீனை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அது களைத்துவிடும். கடைசிப் பத்து மீட்டர் 22 டிகிரி வெந்நீர் வேறு, சால்மனுக்கு அது வெந்நீர்தான். திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

கடைசியாக, ஈயத்தைப் பற்றி ஒரு விஷயம். இந்த ஏரிகளில் லூன் என்ற பறவை இருக்கிறது. சிவந்த கண், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, இரவில் ஓநாய் ஊளையிடுவதுபோல் ஒரு குரல். மீன் தின்னும் பறவை. இரைப்பையில் உணவை அரைக்க ஏரியடிக் கூழாங்கற்களையும் பொறுக்கி விழுங்கும். தூண்டில்காரர் நரம்பில் கடித்து இறுக்கும் சின்ன ஈயமணி அறுந்து விழுந்தால், அதுவும் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக உள்ளே போகிறது. முள்ளோடு தப்பிய மீனைத் தின்றாலும் போகிறது. அரைபடும் ஈயம் இரத்தத்தில் கலந்து சில வாரங்களில் பறவையைக் கொல்லும். ஒரு மணி போதும். மெய்னுக்குப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர், 28 கிராமுக்கு உட்பட்ட ஈய எடைகளை ஏரிகளில் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டு முதல் தடை போட்டது. அமெரிக்காவில் முதலில் செய்தது அதுவே. பின்னலுக்குள் இருக்கும் ஈயநரம்பு அந்தத் தடையில் வராது. ஈயமணிதான் வரும்.

மணிக்கு மாற்றாக வந்தவை தகரமும் டங்ஸ்டனும். ஈயம் தண்ணீரைவிட 11.3 மடங்கு அடர்த்தி, தகரம் 7.3 மடங்கு, டங்ஸ்டன் 19.3 மடங்கு. அதே பருமனில் டங்ஸ்டன் மணி ஈயத்தைவிட ஆழம் போகும், விலையும் ஈயத்தைவிட மிக மேலே போகும். தகரம் டங்ஸ்டனைவிட மலிவு. ஆனால் தண்ணீருக்குள் அதன் எடை, அதே பருமனுள்ள ஈயத்தின் எடையில் பத்தில் ஆறு பங்கு அளவுதான். நுனி எடையை நம்பியவருக்கு நரம்பை நீட்டிப் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம். தகரத்துக்கு மாறியவர்கள் மோட்டாரைக் கொஞ்சம் அடக்கி ஓட்டுகிறார்கள்.